புதுப்பிப்பு: ஒருவழியாக ரஷ்யாவின் விளாதிமிர் நகருக்கு வந்துவிட்டோம்

முன்கதை: விமானம் தாமதமாகி, மாஸ்கோவில் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது, பெட்டியும் வரவில்லை என்று அழாத குறையாக எழுதியிருந்தேன். பெட்டி நேற்று இரவு வந்து சேர்ந்தது. தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இழந்தது ஒரு நாள். அதனால் அருகிலுள்ள சூஸ்தால் ஊரை விட்டுவிட்டு விளாதிமிரை மட்டும் நிதானமாகப் பார்த்தோம்.

உஸ்பென்ஸ்கி பேராலயம் 1158-60இல் எழுந்தது. தீ விபத்துக்குப் பிறகு 1180களில் பெரிதாக்கினார்கள். 1408இல் ஆந்திரேய் ருப்ளியோவும் தனீல் சோர்னியும் தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியம் உள்ளே இருக்கிறது. தீர்ப்பு நாள் என்றால் பயமுறுத்துமே என்று நினைத்துத்தான் போனேன். அந்த முகங்களில் அவ்வளவு சாந்தம்! கழுத்து வலிக்க அண்ணாந்தபடி நின்றேன்.

பக்கத்திலேயே திமீத்ரி பேராலயம், 1190களில் கட்டியது. வெள்ளைக் கல் சுவரின் மேல்பாதி முழுக்கச் சிங்கம், பறவை, செடிகொடி, குதிரைவீரர் என்று புடைப்புச் சிற்பங்கள். உள்ளே போகுமுன் வெளியே ஒரு சுற்று நடந்துவிடுங்கள், இதன் அழகே வெளிச்சுவர்தான்.

இன்று காலை பக்கத்து ஊரான பகல்யூபவோவுக்குப் பேருந்தில் போய், புல்வெளியில் நடந்து, நெர்ல் ஆற்றருகே உள்ள சின்ன தேவாலயத்தைப் பார்த்தோம். வெள்ளம் எட்டாதபடி 12ஆம் நூற்றாண்டிலேயே செயற்கை மேடு அமைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒற்றைக் குவிமாடம், சுற்றிலும் புல், வேறெதுவும் இல்லை. அம்மா வெகுநேரம் பேசவே இல்லை.

நாளை மாலை மாஸ்கோ ரயில். இந்தமுறை இரண்டு மணிநேரம் முன்பே நிலையத்துக்குப் போய்விடுவோம்.