வளைவு அடுத்த வருஷம் கட்டலாமே

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு, மஸ்கட்டிலிருந்து வணக்கம்.

ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டலாம் என்று மடல் வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வருஷச் சங்கப் பணத்தை நம் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் என்றைக்குமே பள்ளிக்கூடம் கிடையாது. எல்லோரும் வெண்ணாற்றுக்கு அக்கரை போய்ப் படித்தவர்கள்தான். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனதை இப்போது பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். எனக்கு அந்த ரெண்டு மாதம் விட்டுப்போன பாடம் விட்டுப்போனதுதான். வகுத்தல் கணக்கு வராமலே ஆறாம் வகுப்புக்குப் போனேன். கூடப் படித்த தெற்குத் தெருப் பெண்கள் மூன்று பேர் ஐந்தாவதோடு நின்றுவிட்டார்கள்.

ஆடியில் ஊருக்குப் போனபோது பார்த்தேன், இன்றைக்கும் அதே பாதைதான். மழைக்குப் பிள்ளை வீட்டில் நின்றால் படிப்பு மட்டுமா போகிறது? 2023-இல் நம் பக்கத்துத் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவும், மத்தியானச் சத்துணவும் சேர்ந்தே போகிறது.

அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்த புதிதில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்கால வகுப்பு நடந்தது ஞாபகம் இருக்கும். சொல்லிக்கொடுத்தது நம் ஊர் மருமகள்தான், பி.எஸ்ஸி. படித்தவர். ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். புளியங்கொட்டையைக் குவித்து, 'நாலு பேருக்குப் பங்கு போடு, மிச்சம் எவ்வளவு?' என்று கேட்கிறார். எனக்கு வராத வகுத்தல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்தது. அவருக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நாலு நாள் நடவுக்குப் போனால் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும் வகுப்பு நின்றது. அப்புறம் எடுத்து நடத்த ஆள் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், சங்கம் கட்டடத்தில் பணம் போட வேண்டாம், சொல்லிக்கொடுக்கும் ஆளுக்குக் கொடுக்கட்டும். ஊரிலேயே இருக்கும் ரெண்டு பேருக்கு மாதம் ஆளுக்கு 4,000 ரூபாய். ஒருவரால் வர முடியாத நாளில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். பி.எட். முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண் ஒருவரிடம் பேசினேன், சரி என்றார்.

கீற்றுக் கொட்டகை போட்டுத் தருவதாகக் கீழத்தெரு அண்ணன் சொன்னார். நல்ல மனசு, ஆனால் வேண்டாம் அண்ணே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் தீ கீற்றுக் கூரையில் பிடித்துத்தான் 94 பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. நமக்குக் கோயில் மண்டபமே போதும். நாலு பக்கமும் திறப்பு, மேலே தளம். விளக்கு ரெண்டும் கரும்பலகையும் வாங்கினால் சரி.

இன்னொன்று, பணமே கேட்காத வேலை. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின்படி வந்த விதி. அப்படி இல்லாத சின்ன ஊர்களுக்கு வண்டி வசதி செய்து தரச் சொல்லிக் கேட்க இடம் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவும் எழுதிக் கொடுத்தால் அடைமழைக்குள் பதில் கேட்கலாம். ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைக் கையில் எடுங்கள். மனுவை நான் எழுதி அனுப்புகிறேன்.

முதல் மூன்று மாதச் சம்பளம் என் பொறுப்பு. மீதியை யார் யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று பொருளாளர் மாமாவுக்குப் புரட்டாசி பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
வடக்குத் தெரு, பெரியவீட்டுக் கடைக்குட்டி