சின்ன வயது அதிர்ச்சி திரும்ப வருவதை எடிட்டில் காட்ட: ஃபிளாஷ் கட் (கண நேரம் மின்னி மறையும் ஷாட்) எத்தனை ஃப்ரேம்?

ரஃப்கட்:
14 நிமிடக் குறும்படம், வினாடிக்கு 24 ஃப்ரேம் டைம்லைன். நாயகியை ஏழு வயதில் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இப்போது தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே அது மேலே வருகிறது. அந்த இடங்களில் 12 ஃப்ரேம் பழைய ஷாட், இரண்டு பக்கமும் வெள்ளை ஃபிளாஷ், ஒரு 'வூஷ்'. பார்த்தவர்களில் சிலர் பேய்ப்படமா என்கிறார்கள், சிலர் ஃபிளாஷ்பேக் ஏன் பாதியில் நிற்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?

மூவியோலா:
முதலில் ஃபிளாஷையும் வூஷையும் தூக்குங்க. "இதோ ஞாபகம் வருது" என்று எடிட்டர் தண்டோரா போடுகிற வேலை அது. அவளுக்கே கிடைக்காத முன்னறிவிப்பு ஆடியன்ஸுக்கு எதற்கு?

12 ஃப்ரேம் என்றால் அரை வினாடி. அதற்குள் இடம், ஆள் எல்லாம் பிடிபட்டு, அடுத்து என்ன என்று மனசு கதை கேட்க ஆரம்பித்துவிடும். சிட்னி லூமெட்டின் 'தி பான்புரோக்கர்' (1964) பாருங்க, எடிட்டர் ரால்ஃப் ரோசன்ப்ளூம். வதைமுகாம் நினைவுகள் முதலில் ஓரிரு ஃப்ரேம்களாகக் குத்திவிட்டுப் போகும், வர வர நீளும். நியூயார்க் சுரங்க ரயில் பெட்டியில் சுற்றும் கேமராவும் முகாமுக்கு ஆட்களை அடைத்துப்போன பெட்டியில் சுற்றும் கேமராவும் ஒரே பான் (நின்ற இடத்திலேயே கேமரா திரும்புவது) போல வெட்டப்பட்டிருக்கும். அது சிறுவயது நினைவு இல்லை, ஆனால் முறை உங்களுக்குப் பொருந்தும்: முதல் தடவை 2 ஃப்ரேம், பிறகு 4, 8, 16. ஒவ்வொரு தடவையும் ஒரு புது விவரம் மட்டும்.

2 ஃப்ரேமுக்குள் பார்ப்பவர் கண் நகராது. ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவே சுமார் 200 மில்லி வினாடி, அதாவது 5 ஃப்ரேம் பக்கம் ஆகும். அதனால் அவள் கண் திரையில் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் தாழ்ப்பாள் வரணும். வைடு ஷாட் வேண்டாம், ஒரே பெரிய உருவம். சமையலறை வெளிச்சமாக இருந்தால் இன்செர்ட் (நடுவில் செருகும் பழைய ஷாட்) இருட்டாக இருக்கட்டும். வெட்டியதும் அதே முகத்துக்கு, அதே ஷாட்டுக்குத் திரும்புங்க. வேறு ஷாட்டுக்குப் போனால் யாருடைய ஞாபகம் என்பதே குழம்பிவிடும்.

ஃபோலி டேபிள்:
சவுண்டைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே அண்ணே. தாழ்ப்பாள் சத்தத்துக்கு 10 ஃப்ரேம் முன்னாலிருந்தே ஃபிரிட்ஜ், ஃபேன் ஓசையை 6 டிபி (டெசிபல்) இறக்கிடுங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனால் காது கூர்மையாகிடும். ஷாட் மாறும் இடத்திலும் அவள் மூச்சுச் சத்தம் அறுபடாமல் ஓடணும். படம் போன பிறகும் ஸ்டோர் ரூமின் ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் ஓசை) ஒரு 18 ஃப்ரேம் அவள் முகத்தின் மேலேயே தங்கட்டும்.

ஜம்ப் கட்:
எனக்கு இன்செர்ட் மேலேயே சந்தேகம். இப்படி ஆனவர்களுக்குப் படம் வருவதை விட நேரம் காணாமல் போவதும் உண்டு. அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறாள், கட், அதே ஃப்ரேமிங், சமையல் மேடை முழுக்கத் தண்ணீர், குழாய் இன்னும் ஓடுகிறது. நடுவில் ஒன்றும் காட்ட வேண்டாம். கேமரா ஒரு இம்மி நகர்ந்திருந்தாலும் சாதாரண டைம் கட் ஆகிடும், லாக் ஆஃப் ஷாட் (கேமராவை அசையாமல் பூட்டி எடுப்பது) அவசியம். மூன்று தூண்டல் இருந்தால் ஒன்றையாவது இப்படிச் செய்யுங்க.

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) ஃபிளாஷ் கட்டே இல்லாமல் சமாளிக்கும். ஃபோகஸ் இல்லாத ஒரு உருவம் நடந்து வரும், அவ்வளவுதான். அது யார் என்பது கடைசி மோதலில்தான் தெளியும்.

ரஃப்கட்:
2 ஃப்ரேம் போட்டுப் பார்த்தேன். டைம்லைனில் பளிச், யூடியூபில் ஏற்றினால் கலங்கல். ஒரு இடத்தில் இரட்டை உருவம் வேறு.

மூவியோலா:
இரட்டை உருவம் என்றால் அந்த ஷாட் வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்ததா பாருங்க. ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ரீடைம் (ஃப்ரேம் வேகத்தை மாற்றும் அமைப்பு) 'ஃப்ரேம் பிளெண்ட்'டில் இருந்தால் இரண்டு ஃப்ரேமையும் கலந்துவிடும், 'நியரஸ்ட்' ஆக்குங்க. எக்ஸ்போர்ட்டும் 24-லேயே. கலங்கல் பிட்ரேட் (வினாடிக்கு எவ்வளவு டேட்டா) பிரச்சினை. மாஸ்டரை (முடித்த படத்தின் மூலக் கோப்பை) ப்ரோரெஸ் என்ற உயர்தர வீடியோ வடிவத்தில் ஏற்றுங்க, அப்பவும் போதவில்லை என்றால் 3 ஃப்ரேம் ஆக்குங்க. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெளிச்சம் இருட்டு மாறினால் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து, அதையும் எண்ணிக்கோங்க.

நீளத்தை நீங்களே முடிவு பண்ணாதீங்க, பல தடவை பார்த்த கண்ணுக்கு 2 ஃப்ரேமும் தெளிவாகத் தெரியும். கதை தெரியாத ஆளுக்குப் போட்டு "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்க. "ஏதோ கதவு" என்றால் போதும். ஸ்டோர் ரூம் என்று சொல்லிவிட்டால் நீளம் அதிகம்.