முடக்குவாதத்துக்குச் சாப்பாட்டில் எதை ஒதுக்குவது?

வணக்கம். அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். நாங்கள் இருப்பது மேலூரில், வைத்தியம் மதுரையில். அதற்கு மருந்தாக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் அமில மாத்திரை. பெரும்பாலும் வலி அடங்கித்தான் இருக்கிறது. சில நாள் காலையில் மட்டும் விரல் மடங்காது. தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் காபி குடிப்பார்.

ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள். கத்தரிக்காய், தக்காளி ஆகாது என்கிறார் பெரியம்மா. பக்கத்து வீட்டு அக்கா பருப்பையும் கறியையும் நிறுத்தச் சொல்கிறார். அது யூரிக் அமில மூட்டுவலிக்குச் சொல்லும் பத்தியம், இது வேறு நோய். மருத்துவரோ, இன்ன உணவுதான் எல்லோருக்கும் வீக்கத்தைக் கிளப்பும் என்று நிரூபணம் இல்லை, மத்தி, அயிலை மாதிரி மீன் நல்லது, சாப்பிடுவதை எழுதி வைத்துப் பாருங்கள் என்றார்.

எழுதிப் பார்த்தோம். ஜிகர்தண்டா குடித்த மறுநாள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. பாலா, சர்க்கரையா, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அலைந்த களைப்பா, யார் கண்டது?

இதே நோய் உள்ளவர்கள், ஏதாவது ஓர் உணவை நிறுத்தி, திரும்பச் சேர்த்து, வித்தியாசம் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு நாள் நிறுத்தினால் தெரியும்? மாத்திரையை விடச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், அதற்குச் சொந்தக்காரர்கள் போதும்.