பழைய வானியல் கடிதங்களில் தேதி, நேரம் மாற்ற உதவி தேவை

வணக்கம். 1860களில் மதராஸ் வானாய்வகத்துக்கும் லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்திலிருந்து, மாறும் விண்மீன்களின் ஒளி மதிப்பீடுகளை ஜூலியன் நாளுக்கு (மாதம், ஆண்டு இல்லாமல் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் வானியல் கணக்கு) மாற்ற வேண்டும். இது தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

பெரிய சிக்கல் தேதிதான். 1925க்கு முன் வானியலாளர்களின் நாள் நண்பகலில் தொடங்கியது. 'மார்ச் 4, 14 மணி' என்றால் நம் கணக்கில் மார்ச் 5 அதிகாலை 2 மணி. அதே கடிதத்தில் கழகக் கூட்டம், உறுப்பினர் தேர்வு, சந்தா பற்றிய வரிகளில் வருவதோ சாதாரண நாட்காட்டித் தேதி. ஒரே தாளில் இரண்டு கணக்கு!

இப்போது பின்பற்றும் முறை: மேலே சொன்ன 14 மணி மதராஸ் நேரம்; கிரீன்விச் நேரத்துக்கு மாற்ற அதிலிருந்து 5 மணி 21 நிமிடம் கழித்தால் 8 மணி 39 நிமிடம், 24ஆல் வகுத்தால் 0.36. ஜூலியன் நாளும் நண்பகலில் தொடங்குவதால் அரை நாள் கூட்டக் கூடாது (பலரும் சறுக்குவது இங்கேதான்). ஆக, 1867 மார்ச் 4க்கு 2403030.36.

கேட்க வேண்டியவை இரண்டு. நேரம் சராசரிச் சூரிய நேரமா, விண்மீன் நேரமா (சூரியனை அல்லாமல் விண்மீன்களை வைத்துக் கணிப்பது) என்று குறிப்பிடாத வரிகளை எப்படிப் பிரிக்கலாம்? அந்த மணியில் விண்மீன் அடிவானத்துக்கு மேலே இருந்ததா என்று பார்ப்பது மட்டும் போதவில்லை. அடுத்து, 'அ 2 மா 3 ஆ' (மாறும் விண்மீன் 'மா', ஒப்பீட்டு விண்மீன் 'அ'வைவிட 2 படி மங்கல், 'ஆ'வைவிட 3 படி பிரகாசம்) போன்ற ஆர்கலாண்டர் படிநிலைக் குறிப்புகளில், ஒப்பீட்டு விண்மீன்களுக்கு அன்றைய பருமனை (பிரகாசத்தைக் குறிக்கும் எண்) வைப்பதா, இன்றைய ஒளியளவீட்டை வைப்பதா? இன்றையதே சரியென்று படுகிறது. ஆனால் சிவப்பு விண்மீன்களில் கண்ணும் கருவியும் ஒத்துப்போவதில்லை. திருத்தம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.