மட்டில்டா பிரெஞ்சுப் பெயராம்!

ஏட்டுச்சுவடி:
பெயர்கள் பற்றிய இழையில் கோட்டைவாசல் நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "மட்டில்டா பிரெஞ்சுப் பெயர். 1066இல் நார்மன் படையோடு இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் மனைவி மட்டில்டாவோடு, அதற்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போனது." போனது சரி, பிரெஞ்சு எங்கிருந்து வந்தது? 'மஹ்ட்' வலிமை, 'ஹில்ட்' போர். இரண்டும் பழைய ஜெர்மானியச் சொற்கள்.

கோட்டைவாசல்:
அகராதி புரட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் வரலாறு பேச வந்துவிட்டார்கள். அந்த மட்டில்டாவின் தாய் அடேலா யார்? பிரான்ஸ் அரசர் இரண்டாம் ராபர்ட்டின் மகள். பிரெஞ்சு அரசரின் பேத்திக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஏட்டுச்சுவடி:
968இல் இறந்த, ஜெர்மனியின் சாக்சனி மட்டில்டா யாருடைய பேத்தி? பேரரசர் முதலாம் ஒட்டோவின் தாய் அவர். குவெட்லின்பர்க்கில் கணவர் ஹென்றியின் அருகே அடக்கம் செய்யப்பட்டவர். நார்மன்கள் கப்பலேற இன்னும் ஏறக்குறைய நூறாண்டு இருந்தது!

கோட்டைவாசல்:
சாக்சனியில் யார் செத்தால் எனக்கென்ன? அடேலா பிரெஞ்சு அரசரின் மகளா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

கடலோரக் கிறுக்கன்:
தந்தை ஐந்தாம் பால்ட்வின், ஃபிளாண்டர்ஸ் பிரபு. அவர் கணக்கில் வரமாட்டாரா? இன்னொன்று, புதுச்சேரிக்காரன் சொல்கிறேன்: பிரெஞ்சில் அது 'மத்தில்த்'. பிரெஞ்சுப் பெயர் என்பவர் முதலில் அப்படி எழுதட்டும்.

கோட்டைவாசல்:
பார்த்தீர்களா! பிரெஞ்சில் அந்தப் பெயர் உண்டு என்று உங்கள் ஆளே சொல்லிவிட்டார்.

ஏட்டுச்சுவடி:
எதிர்வீட்டு மேரி தமிழச்சி. அதனால் மேரி தமிழ்ப் பெயராகிவிடுமா?

கோட்டைவாசல்:
ஆகிவிட்டது. மேரியிடமே கேளுங்கள்.

மௌன வாசகி:
ஸ்காட்லாந்து இளவரசி ஈடித், 1100இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியை மணந்தபோது தன் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு மட்டில்டா ஆனார். மகளும் மட்டில்டா. அந்த மகளோடு அரியணைக்கு மோதிய ஸ்டீபனின் மனைவியும் மட்டில்டா. 1141இல் ஒரு மட்டில்டாவின் படை நெருங்க, இன்னொரு மட்டில்டா லண்டனைவிட்டு ஓடினார். எழுத்தர்கள் லத்தீனில் மட்டில்டா என்று எழுதினார்கள், பேச்சில் அது 'மௌட்'. இதைப் பேசுவீர்கள் என்று வந்தேன்.

கடலோரக் கிறுக்கன்:
'மோட்' என்றுதான் எழுத வேண்டும்.

மௌன வாசகி:
எழுத்துப்பிழை பார்க்க மட்டும் தவறாமல் வந்துவிடுகிறீர்கள்.

ஏட்டுச்சுவடி:
கோட்டைவாசலுக்கு இது புதிதல்ல. 'எம்மா' இழையில், அது எமிலியின் சுருக்கம் என்று அடம்பிடித்தவர் இவர்தான். எமிலி ரோமானியக் குடும்பப் பெயரிலிருந்து வந்தது, எம்மா ஜெர்மானிய 'எர்மென்' வழி வந்தது என்று அன்று எத்தனை பேர் எடுத்துச் சொன்னோம்!

கோட்டைவாசல்:
பழங்கணக்கை எடுப்பவரிடம் புதுச் சரக்கு இல்லை. அடேலாவுக்குப் பதில் எங்கே?

ஏட்டுச்சுவடி:
பதில்தானே? 'அடல்' என்றால் உயர்குடி. அடேலாவும் ஜெர்மானியப் பெயர். அவருடைய அப்பா ராபர்ட்டின் பெயரும் ஜெர்மானியம்தான்!

கோட்டைவாசல்:
பிரான்ஸ் அரசரையே பிடுங்கிக்கொண்டீர்களா? பாரிசையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது பெயரை அல்ல. அடேலா யாருடைய மகள்?