மலை இறங்கி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நீலப் புகை: ரிங்கா, வால்வ் சீலா?

கேள்வி (குன்னூர்)

வணக்கம். 2018 மாடல் ஹேட்ச்பேக் கார், 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் குபுகுபுவென்று புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. நேர் ரோட்டில் எவ்வளவு விரட்டினாலும் புகை இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது செகண்ட் கியரிலேயே வந்துவிட்டு, பர்லியாறு தாண்டி மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிற வண்டி மறையும் அளவுக்கு நீலமாகத் தள்ளுகிறது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. கூலன்ட் குறையவில்லை.

மெக்கானிக் புகையைப் பார்த்ததுமே "ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். 40,000 ரூபாய்க்கு மேல் ஆகுமாம். அம்மாவை கோவைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டி, ரொம்ப நாள் நிறுத்திவைக்க முடியாது. இன்ஜினைப் பிரிக்காமல் உறுதி செய்ய வழி இருக்கிறதா?

பதில் (கோவை, இன்ஜின் வேலை செய்பவர்)

இருக்கிறது தம்பி. உறுதியாகும் வரை இன்ஜினில் கை வைக்க விடாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அது எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நிறம் சொல்லாது, புகை வருகிற நேரம்தான் சொல்லும்.

ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். அது தேய்ந்த வண்டி மேடு ஏறும்போதும் லோடு இழுக்கும்போதும் விடாமல் தள்ளும். உங்களுடையது அப்படி இல்லை. இறக்கத்தில் கியரில் வரும்போது காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருக்கும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) ஏறும். வால்வ் தண்டைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் சீல் உண்டு. சூட்டில் அது கெட்டியாகி இறுக்கம் போயிருந்தால், அந்த வேக்குவம் மேலே உள்ள ஆயிலை வால்வ் கைடு (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக உறிஞ்சிவிடும். நீங்கள் மறுபடி மிதிக்கும்போது சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிகிறது. காலைப் புகைக்கும் காரணம் இதுவே: ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில். என் கணிப்பு வால்வ் சீல்.

ஒன்று, குன்னூர் குளிரில் காலையில் வருவதில் பாதி நீராவியாக இருக்கலாம். நீராவி உடனே கரைந்துவிடும். ஆயில் புகை காற்றில் தங்கும், மூக்கில் ஏறும்.

பதில் (ஈரோடு)

அதற்கு முன்னால் பிசிவி வால்வைப் பாருங்கள் சகோ, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வ் அது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் ஆயிலை இழுக்கும். சில நூறு ரூபாய் சாமான், இதற்காக இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேலே ஆயில் இல்லையே?

பதில் (சேலம்)

20டபிள்யூ-50 என்கிற கெட்டி ஆயில் ஊற்றுங்கள், புகை நின்றுவிடும். எங்கள் பழைய வண்டியில் அப்படித்தான் சமாளித்தோம்.

பதில் (கோவை)

பழைய இன்ஜினுக்கு அது சரி அண்ணா. இந்த இன்ஜினுக்கு மெல்லிசான ஆயில்தான் கணக்கு. குளிர் காலையில் கெட்டி ஆயில் மேலே வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஏறத் தாமதமாகும். புகை கொஞ்சம் குறையும், சீல் சரியாகாது. ஆயில் தொடர்ந்து எரிந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும், அதன் விலை இந்த வேலையைவிட அதிகம்.

தம்பி, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஃப்யூவல், இக்னிஷன் இரண்டையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. மலை மேலே காற்று அடர்த்தி குறைவு, குன்னூரில் கேஜ் குறைத்தே காட்டும். அதைப் பார்த்து ஏமாறாமல் மேட்டுப்பாளையத்தில் எடுப்பது நல்லது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது உள்ளிருந்து காற்று வேகமாகத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

அண்ணா, மேட்டுப்பாளையத்தில் எடுத்தாயிற்று. அழுத்தம் 170, 165, 170, 160 பிஎஸ்ஐ. ஆயில் விட்ட பிறகும் ஐந்து பிஎஸ்ஐக்கு மேல் எதிலும் ஏறவில்லை. மூடியைத் திறந்தால் லேசான காற்றுதான். பிசிவி வால்வ் நன்றாக ஆடுகிறது, ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டாவது, நான்காவது பிளக்கின் மரையில் ஆயில் ஈரம். சீல் மாற்ற, சிலிண்டர்களுக்கு மேலே வால்வ் இருக்கும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில் (கோவை)

ரிங் நன்றாக இருக்கிறது, இன்ஜினை இறக்க விடாதீர்கள். ஹெட்டும் கழற்ற வேண்டாம். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தால் வால்வ் கீழே விழாது. அப்படியே ஸ்ப்ரிங்கைக் கழற்றி சீலை மாற்றலாம். காற்று வசதி இல்லாதவர்கள் பிளக் ஓட்டையில் நைலான் கயிற்றை நுழைத்து, பிஸ்டனை ஏற்றி வால்வைத் தாங்க வைப்பார்கள். இரண்டும் சரியான முறைதான்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கேம்ஷாஃப்டை எடுப்பதற்கு முன் அதைச் சுற்றும் டைமிங் செயினில் மார்க் போடச் சொல்லுங்கள். ஸ்ப்ரிங்கை வால்வில் பிடித்து நிறுத்தும் வால்வ் லாக் அரிசி அளவுதான் இருக்கும், தெறித்தால் ஆயில் ஓட்டை வழியாக உள்ளே போய்விடும். ஓட்டைகளைத் துணியால் அடைத்த பிறகே ஸ்ப்ரிங்கில் கை வைக்க வேண்டும். 16 வால்வ் என்றால் 16 சீலும் மாற்றுங்கள், நான்கை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பதில் லாபமில்லை. வால்வ் கைடு ஆடுகிறதா என்று அப்போதே அசைத்துப் பார்க்கட்டும். ஆடினால் மட்டும் ஹெட் லேத்துக்குப் போக வேண்டும்.

கேட்டவர்

வேலை முடிந்தது. கைடில் ஆட்டம் இல்லை. கழற்றிய சீலைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ரப்பர் மாதிரியே இல்லை, நகத்தால் அழுத்தினால் உடைகிறது. காலைப் புகை நின்றுவிட்டது. ஆனால் இறக்கத்தில் இன்னும் மெல்லிசாக வருகிறதே அண்ணா?

பதில் (கோவை)

சைலன்சருக்குள் படிந்த ஆயில் எரிந்து தீர வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டுங்கள், குறைந்துகொண்டே வரும். 1,000 கி.மீ. ஓடியதும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்து எழுதுங்கள். அதற்குள் சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் மட்டும் அந்த இடத்திலேயே ஆஃப் செய்துவிடுங்கள்.