தம்ப் டிரைவில் எஃப்எல் ஸ்டூடியோ: காசு கொடுத்து வாங்கியவனுக்கும் தப்பா?

ஈசூன்_உருமி:
பாலிடெக்னிக் லேபில் எதை நிறுவப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. வீட்டு லேப்டாப்போ, பத்து டிராக் போட்டாலே ஃபேன் ஊளையிடும். இசை அமைக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டூடியோவை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், ரசீது இருக்கிறது. லேபில் மட்டும் நண்பன் தந்த, நிறுவாமலே ஓடும் 'போர்ட்டபிள்' பதிப்பைத் தம்ப் டிரைவில் வைத்து ஓட்டுகிறேன். செருகினால் திறக்கிறது. இது திருட்டா?

தேக்கா_அக்கா:
தம்பி, போர்ட்டபிளாக இருப்பதில் தப்பில்லை, அதைக் கட்டிக் கொடுத்தது யார் என்று பார். எஃப்எல்லைச் செய்யும் இமேஜ்-லைன் கம்பெனி அப்படி ஒரு பதிப்பைத் தருவதில்லை. உன் லைசென்ஸ் உன் கணக்கோடு சேர்ந்தது. அந்த தம்ப் டிரைவில் இருப்பது எப்போதாவது உன் கணக்கைக் கேட்டதா?

பிளாக்512:
கேட்காவிட்டால் என்ன அக்கா? ஒரு ஆள், ஒரு லைசென்ஸ், ஒரு நேரத்தில் ஒரு கணினி. கம்பெனிக்கு ஒரு காசு நட்டமில்லை. என் வீட்டுச் சாவி தொலைந்தால் நான் பூட்டை உடைக்கக் கூடாதா?

தேக்கா_அக்கா:
எச்டிபி என்னும் அரசு அடுக்குமாடி வீட்டையே 99 வருடக் குத்தகைக்குத்தான் வாங்குகிறோம், உள்ளே சுவர் இடிக்கப் பெர்மிட் கேட்கிறோம். நீ வாங்கியது மென்பொருள் இல்லை, பயன்படுத்தும் அனுமதி. இங்கே சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் இப்படிப்பட்ட டிஜிட்டல் பூட்டுகளைத் தாண்டுவது பற்றித் தனியாகவே விதிகள் இருக்கின்றன. அதை விடு, பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்று உனக்குத் தெரியுமா? அதைக் கல்லூரிக் கணினியில் போய்ச் செருகுகிறாய்!

ரீப்பர்_பைத்தியம்:
எஃப்எல் மாதிரியே இன்னொரு இசை மென்பொருளான ரீப்பரைப் பாருங்கள். இன்ஸ்டாலரிலேயே 'போர்ட்டபிள்' என்று ஒரு டிக் இருக்கிறது, அமைப்புகள் எல்லாம் அந்த ஒரே ஃபோல்டருக்குள் போய்விடும். 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் 60 அமெரிக்க டாலர், இசையில் ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கு. லைசென்ஸ் ஒன்றை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்ட வேண்டும். பிளாக்512 கேட்கிற நியாயம் அங்கே எழுத்திலேயே இருக்கிறது. செய்தவர் அந்தக் காலத்துப் பாட்டு பிளேயர் வின்ஆம்பை எழுதியவர், வேறென்ன வேண்டும்!

பிளாக்512:
ரீப்பரில் எஃப்எல்லின் பியானோ ரோல், அந்த ஸ்வரங்களைக் கட்டங்களில் வரையும் திரை, வருமா? இரண்டு வருடக் கைப்பழக்கத்தை அறுபது டாலருக்கு யார் விற்பார்கள்?

தேக்கா_அக்கா:
அது நியாயம், நானே ரீப்பரில் திணறுகிறேன். அவசரத்துக்கு நம்ம சிங்கப்பூர் இசைத் தளம் பேண்ட்லேப் இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும், இலவசம். உருமி ஒலி மாதிரிகளை ஏற்றி அடுக்கலாம். மிக்ஸிங் செய்ய மட்டும் வீட்டுக்குப் போ.

ஈசூன்_உருமி:
இப்போதுதான் 'அபவுட்' திறந்து பார்த்தேன். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கும்பலின் பெயர், நடுவில் மண்டை ஓடு வேறு. அழித்துவிட்டேன். வீட்டில் என் சொந்த எஃப்எல்லில் திறந்து, டிராக் டிராக்காக வேவ் ஒலிக்கோப்பு எடுத்து ரீப்பருக்கு மாற்றப் போகிறேன். சனிக்கிழமை புளோக்கின் கீழ்த்தளத்து வாய்ட் டெக்கில் ஒத்திகை, அதற்குள் முடியுமா தெரியவில்லை.

பிளாக்512:
பியானோ ரோலைத் தேடி ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவாய் பார்.